நிலவுக்கு ஐந்து நாள் போதாது

அன்புள்ள ஐயா,

நான் படித்தது வேதியியல். நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுப்பதால் புவியும் விண்வெளியும் என் தலையில்தான் விழுகின்றன. அண்மையில் ஐந்து நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தேன். கருந்துளையின் படம், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, செவ்வாயில் ஓடும் ஊர்திகள் என்று கருத்தாளர்கள் அசத்தினார்கள். குறிப்பேடு நிறைந்துவிட்டது. திரும்பி வந்து வகுப்பெடுத்தபோது ஒரு பையன், "நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கே நிலா தெரிஞ்சுது மிஸ், சூரியனும் இருந்துச்சு. அது எப்படி?" என்றான். குறிப்பேட்டில் இருந்த எதுவும் கைகொடுக்கவில்லை. "சில நாள் அப்படித் தெரியும்" என்று சமாளித்துவிட்டேன். அடுத்து இணையவழியில் வானியற்பியல் சான்றிதழ்ப் படிப்பில் சேரலாமா என்று யோசிக்கிறேன். சேர்ந்தால் இந்த நிலை மாறுமா? வகுப்பில் "தெரியாது" என்று சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

— ஓர் அறிவியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வானியற்பியலில் ஆசை இருந்தால் தாராளமாகச் சேருங்கள். அந்தப் பையனுக்குப் பதில் சொல்வதற்காகச் சேர வேண்டாம். விண்மீனுக்குள் ஹைட்ரஜன் எப்படி ஹீலியமாகிறது என்பதைப் பலகை நிறைய எழுதிக் காட்டக்கூடியவர்கள்கூட மாலை ஐந்து மணி நிலாவில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். அது வேறு படிப்பு.

உங்கள் பயிற்சியில் கருத்தாளர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் அந்த ஐந்து நாளில் இருக்கிறது. வேதியியலில் அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒரு பாடவேளைக்குள் நிறம் மாறிவிடும். நிலவு தன் பிறைகளை ஒரு சுற்று முடிக்க 29½ நாள் ஆகிறது. நண்பகல் நிழல் நீண்டு குறுகிப் பழைய அளவுக்கு வர ஓராண்டு. ஐந்து நாளில் நிலவு தன் சுற்றில் கால்பங்குகூடக் கடப்பதில்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்க நேரமில்லாதபோது கருத்தாளருக்கு மிஞ்சுவது பேச்சும் படக்காட்சியும்தான். படக்காட்சி என்று ஆனபிறகு பிறை நிலாவை எவர் காட்டுவார்? கருந்துளைதான் வரும்.

ஆகவே இந்தப் பாடத்துக்கான பயிற்சியை மாதக்கணக்கில் நீட்டித்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. தொடக்கத்தில் இரண்டு நாள் கூடுவது, பிறகு அவரவர் இடத்தில் ஓரிரு மாதம் பார்த்துக் குறிப்பது, மறுபடி கூடி ஒப்பிடுவது. பயிற்சி நடத்துகிறவர்களுக்கு இது தலைவலி. வருகைப் பதிவேட்டில் அடங்காது, சான்றிதழில் எத்தனை மணி நேரம் என்று போடுவது எனக் குழம்புவார்கள். அது அவர்கள் பாடு. நீங்கள் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் தொடங்குங்கள். தினமும் ஒரே இடத்தில், சூரியன் மறைவதற்குச் சற்று முன், நிலவு எங்கே இருக்கிறது என்று வரையுங்கள். கையை நேராக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. சூரியனிலிருந்து நிலவு எத்தனை முட்டி தள்ளி இருக்கிறது என்று எண்ணுங்கள். நாளுக்கு ஒன்றேகால் முட்டி போலத் தள்ளிக்கொண்டே போகும்; போகப்போக ஒளிரும் பகுதியும் பெருக்கும். ஏழெட்டாம் நாளில் இடைவெளி ஒன்பது முட்டி, அதாவது செங்கோணம். அன்று நிலவு உதித்தது நண்பகல் வாக்கில். மாலை ஐந்து மணிக்கு அது வானத்தில் உயரத்தில் நிற்காமல் வேறெங்கே நிற்கும்? உங்கள் மாணவன் பார்த்தது அப்படியொரு நாளாகத்தான் இருக்கும். எந்தத் தேதி என்று அவனிடமே கேட்டு வகுப்போடு சரிபாருங்கள்.

முழுநிலவுக்குப் பிறகு நிலவு மாலையில் அகப்படாது. தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து உதிப்பதால் நடுஇரவு, பின்னிரவு என்று நகர்ந்துவிடும். பெரும்பாலான ஆசிரியர்களின் குறிப்பேடு இந்த இடத்தில்தான் நின்றுபோகும். "மேகமா இருந்துது சார்" என்பார்கள். மேகமெல்லாம் ஒன்றுமில்லை, காலையில் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். தேய்பிறையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மேற்கே பாருங்கள், வெளிறிப்போய் நிற்கும்.

மாதம் முடிந்தபின் ஓர் இருட்டறையில் ஒரே ஒரு விளக்கு வைத்து, குச்சியில் செருகிய வெள்ளைப் பந்தைக் கையில் பிடித்து, உங்கள் தலையைப் பூமியாக்கிச் சுற்றுங்கள். பிறைகள் வரிசையாக வரும். விளக்கு முதுகுக்குப் பின்னால் வரும்போது தலையின் நிழல் பந்தில் விழுந்து முழுநிலவே காணாமல் போகும். பிறை என்பது பூமியின் நிழல் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருக்கும் ஆசிரியர் அந்த நொடியில் "பாத்தீங்களா!" என்பார். அதைச் சொல்லவைப்பதுதான் நல்ல பயிற்சி. பந்தைச் சற்று உயர்த்தச் சொன்னால் நிழல் விலகிவிடும். நிலவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதும், அதனால் மாதாமாதம் கிரகணம் வராததும் ஒரே அசைவில் தெரிந்துவிடும். கூடவே, அரைநிலவன்று பூமியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேளுங்கள். அது நிலவின் கிட்டேகூட இல்லை.

இப்படி மனதுக்குள் ஒளிந்திருக்கும் தவறான எண்ணம் படிக்காதவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். 1987இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு நாளில், பருவகாலம் ஏன் மாறுகிறது என்று பட்டதாரிகளிடமும் பேராசிரியர்களிடமும் கேமரா முன் கேட்டார்கள். பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் கோடை என்று மளமளவென்று சொன்னார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரி தொடக்கத்தில், வட அரைக்கோளத்தின் குளிர்காலத்தில். ஜூலையில் 15.2 கோடி. பருவத்தைத் தீர்மானிப்பது அச்சின் 23.4 பாகைச் சாய்வு.

இந்தத் தவறான எண்ணத்தைப் பாடநூலே ஊட்டுகிறது என்பதுதான் வேடிக்கை. பூமியின் பாதையைப் பக்கவாட்டுக் கோணத்தில், நசுக்கிய முட்டை போல வரைந்து வைத்திருப்பார்கள். ஒருமுறை அளவுப்படி வரைந்து பாருங்கள். 10 சென்டிமீட்டர் அகலத்தில் வரைந்தால், நீள்வட்டத்தின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒன்றரைப் பங்குதான். பென்சில் கோட்டின் தடிமனுக்குள் காணாமல் போய்விடும். சூரியன் மட்டும் நடுவிலிருந்து முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ளி இருக்கும். எத்தனை சொன்னாலும் நம்பாத ஆசிரியர், தன் கவராயத்தால் இதைப் போட்டுப் பார்த்ததும் நம்பிவிடுகிறார்.

பூமியின் உள்ளேயும் இதே கதை. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசத்தை ஆரஞ்சு நிறத்தில் கொதிக்கும் குழம்பாகத் தீட்டியிருப்பதால், நம் காலுக்கடியில் எரிமலைக் குழம்பு என்றே பலர் வகுப்பெடுக்கிறார்கள். நிலநடுக்கத்தின் இரண்டாம்நிலை அலைகள் திரவத்தில் போக முடியாதவை. அவை ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை கவசத்துக்குள் தடையின்றிப் போய், திரவமான வெளிக்கருவத்தின் விளிம்பில் நின்றுவிடுகின்றன. அப்படியானால் கவசம் திடப் பாறை. மிக மெல்ல நகரும் திடப் பாறை. அதன் மேற்பகுதியில் மிகுந்திருக்கும் ஆலிவின் கனிமம் பச்சை நிறம்! இதைச் சொன்னதும் அறையில் ஒரு சலசலப்பு எழும் பாருங்கள், எனக்குப் பிடித்த சலசலப்பு.

பாடம் தெரிவது ஒன்று, அந்தப் பாடம் மாணவர் மனதில் எங்கே கோணுகிறது என்று தெரிவது இன்னொன்று. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் இந்த இரண்டாவதை ஆசிரியருக்கே உரிய தனி அறிவு என்று எழுதினார். உங்களுக்குத் தேவைப்படுவது அதுதான், வானியற்பியல் சான்றிதழில் அது கிடைக்காது. அடுத்து ஏதாவது பயிற்சிக்கு அழைப்பு வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: நாங்கள் என்ன செய்து பார்ப்போம்? மறுபடி எப்போது கூடுவோம்? இரண்டாவதற்குப் பதில் இல்லை என்றால் படம் பார்க்கப் போவதாக நினைத்துக்கொண்டு போய்வாருங்கள். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் நேஸ் திட்டம், எளிய பொருள்களை வைத்து ஆசிரியர்களையே செய்துபார்க்க வைக்கிறது. அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம்.

இணையம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் உலக நிலநடுக்கங்களை உடனுக்குடன் வரைபடத்தில் இலவசமாகத் தருகிறது. ஒரு மாதத் தரவை மாணவர்கள் வெற்று உலகப் படத்தில் புள்ளி வைத்தால், புவித்தட்டுகளின் ஓரங்கள் தாமாகவே தெரியத் தொடங்கும். அதை வீட்டு வாசலில் நின்று பார்க்க முடியாது, இணையம்தான் வழி.

"தெரியாது" என்று சொல்வதில் கூச்சம் என்கிறீர்கள். சொல்லிவிட்டு வேறு பாடத்துக்குப் போனால்தான் கூச்சப்பட வேண்டும். "தெரியாது, நாளையிலிருந்து ரெண்டு வாரம் பாத்துடலாம்" என்றால் பையன்கள் உங்களுக்கு முன்னால் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து நிற்பார்கள்.

அப்புறம், இதைத் தனியாகச் செய்யாதீர்கள். உங்களுக்கு வடக்கிலோ தெற்கிலோ தொலைவில் இருக்கும் ஓர் ஆசிரியரைப் பிடியுங்கள். இருவரும் ஒரே நாளில் ஒரு மீட்டர்க் குச்சியை நட்டு நண்பகல் நிழலை அளந்து, சூரியன் எத்தனை பாகை உயரத்தில் நின்றது என்று கணக்கிடுங்கள். வடக்கு தெற்காக 500 கிலோமீட்டர் இடைவெளி என்றால் வேறுபாடு நாலரைப் பாகை வரும். அதிலிருந்து பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்று, பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் வழியிலேயே எட்டிவிடலாம். ஒன்று மட்டும் கவனம்: கடிகாரத்தின் 12 மணி நண்பகல் ஆகாது. நிழல் மிகக் குட்டையாகும் நேரமே நண்பகல். ஆகவே நீங்கள் எதிர்பார்க்கும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பே தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். நிழல் மறுபடி நீளத் தொடங்கியபின் நிறுத்தினால் போதும்.