ஒரு பேருந்து நிலையம், எத்தனை துறைகள்?

கேள்வி: கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைத் திறந்தபோது எதிரே ரயில் நிற்க ஒரு ஸ்டேஷன்கூட இல்லையே, திட்டம் போடும்போது யாருமே யோசிக்கவில்லையா? (தாம்பரம் வாசகர்)

பதில்: யோசித்தார்கள், தனித்தனியாக யோசித்தார்கள். நிலையத்தைக் கட்டியது சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அது மாநில வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையின் கீழ் வருகிறது. உள்ளே வந்து போகும் அரசுப் பேருந்துகள் போக்குவரத்துத் துறையைச் சேர்ந்தவை. வாசலில் இருக்கும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை தேசிய நெடுஞ்சாலை, அந்தச் சாலையைத் தாண்டினால் தண்டவாளம், அதற்கு டெல்லியில் தனி அமைச்சகம். 2023 டிசம்பர் 30 அன்று ரிப்பன் வெட்டியாகிவிட்டது, மின்சார ரயிலோ வண்டலூரை விட்டால் ஊரப்பாக்கத்தில்தான் நின்றது. ஸ்டேஷன் கட்டுவது ரயில்வே, பணம் தருவது மாநில அரசு என்பது ஏற்பாடு. எங்கள் வேலையை நாங்கள் சரியாகத்தான் செய்தோம் என்று ஒவ்வொரு துறையும் ஃபைலை எடுத்துக் காட்ட முடியும், எரிச்சல் வருவதே அதனால்தான்.

இந்த மாதிரி விஷயங்களை ஒரே மேஜையில் பேச வைக்கத்தான் கும்டா என்ற சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் இப்படி ஓர் அமைப்பு வேண்டும் என்று 2006-லேயே தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. தமிழ்நாடு 2010-ல் சட்டமும் போட்டது. அப்புறம்? முதல் கூட்டம் முதல்வர் தலைமையில் நடந்தது 2022 நவம்பரில்! நடுவே 2017-ல், மெட்ரோவுக்கு மத்திய நிதி வேண்டுமானால் இந்த அமைப்பு கட்டாயம் என்று மெட்ரோ ரயில் கொள்கையில் எழுதினார்கள். பணத்தைக் காட்டி அழைத்தால் துறைகள் கொஞ்சம் வேகமாக நடக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: கும்டா வந்தாகிவிட்டதே, இனி பஸ், மெட்ரோ, ரயில் மூன்றுக்கும் அவர்களே கட்டணம் வைக்கலாமே? (பெரம்பூர் வாசகி)

பதில்: வைக்க முடியாது. எம்.டி.சி. என்ற மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ் கட்டணம் மாநில அரசின் கையில். மின்சார ரயில் கட்டணம் ரயில்வே அமைச்சகத்தின் கையில். மெட்ரோவுக்கு 2002-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, பதவியில் இருக்கும் அல்லது ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் தனிக் குழு. இதில் சென்னை மெட்ரோ நிறுவனமே மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி வைத்திருக்கும் கம்பெனி. 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் ஒரே க்யூ.ஆர். டிக்கெட்டில் மூன்றிலும் போகலாம், நல்ல விஷயம்தான், ஆனால் அது டிக்கெட்டைச் சேர்த்ததே தவிர கட்டணத்தை முடிவு செய்கிறவர்களைச் சேர்க்கவில்லை.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே துறையிடம் கொடுத்துவிட்டால் என்ன? (வேளச்சேரி வாசகர்)

பதில்: ரயில்வேயை மாநிலத்திடம் யார் கொடுப்பார்கள், சொல்லுங்கள். அதோடு, எவ்வளவு பெரிய துறையாக இருந்தாலும் அதற்கு ஒரு வேலி இருக்கும், வேலிக்கு அந்தப் பக்கம் போலீஸ், மாநகராட்சி என்று யாராவது இருப்பார்கள். பல துறைகள் இருப்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. வரைபடத்தில் கையெழுத்தாகும் முன்னால் எல்லோரையும் உட்கார வைத்தார்களா, உட்கார்ந்தவர்கள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிறார்களா, அதைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தெரு முனை பஸ் ஸ்டாப்பில் கூரை இல்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ‘எங்களுடையது இல்லை’ என்கிறார்கள். (கொளத்தூர் வாசகி)

பதில்: 10 ரூபாய் கட்டி மாநகராட்சிக்கு ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்கள். சட்டத்தின் 6(3) பிரிவின்படி, விஷயம் தங்களுடையது இல்லை என்றால் உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் அவர்களே அனுப்பிவிட்டு உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். ரயில்வே சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் மட்டும் அங்கே நேராகவே போட்டுவிடுங்கள், மாநில அலுவலகம் வழியாகச் சுற்ற விடாதீர்கள்.