கவுன்சில் தொடர்மாடியை இடிக்கப் போகிறார்கள்: வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கேட்க ஏதாவது உண்டா?

லண்டனில் உங்கள் பெற்றோர் நெடுங்காலமாக வாழும் கவுன்சில் தொடர்மாடி இடிக்கப்படவிருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது என்றும், வீட்டைச் சொந்தமாக வாங்கியவர்களுக்கு நட்டஈடு கிடைக்குமாம், வெறும் வாடகைக்கு இருக்கும் எங்களுக்குக் கேட்க ஏதாவது உண்டா என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்டு, நிறையவே உண்டு. இதே நிலையில் என் அம்மாவுக்காகக் கூட்டங்களுக்குப் போய், கடிதங்கள் எழுதி, கடைசியில் புதிய வீட்டுக்கு மாறியவள் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. இங்கே சொல்பவை இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு. உங்கள் பெற்றோருக்குக் கவுன்சில் கொடுத்திருப்பது ஆயுட்காலத்துக்கான ‘செக்யூர் டெனன்சி’ என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடிப்பதைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் தனியொரு குடும்பத்துக்கு அநேகமாக இல்லை. 1985ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் பத்தாவதாக உள்ள காரணத்தின் கீழ், கட்டடத்தை இடிக்கும் நோக்கம் தனக்கு இருக்கிறது என்றும், வீடு தன் கைக்கு வராமல் அதைச் செய்ய இயலாது என்றும் கவுன்சில் நிரூபித்தால், நீதிமன்றம் வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிடலாம். வாடகைப் பாக்கிக்காக வெளியேற்றும் வழக்கில் ‘இது நியாயமா’ என்று நீதிபதி கேட்டாக வேண்டும். இந்த வழக்கில் அந்தக் கேள்வி எழுவதில்லை. அதற்குப் பதிலாக, குடும்பத்துக்குத் தகுந்த மாற்று வீடு தயாராக இருக்கிறதா என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார். ஆகவே நீங்கள் ஊன்றி நின்று வாதாட வேண்டிய இடம் அதுதான். இப்போது வந்திருக்கும் கடிதம் நீதிமன்ற உத்தரவு அல்ல என்பதையும், அந்த உத்தரவு இல்லாமல் உங்கள் பெற்றோரை எவரும் வெளியேற்ற முடியாது என்பதையும் அவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் வயதானவர்கள் இப்படியான கடிதங்களைப் பார்த்துவிட்டு மறுநாளே சாமான்களைக் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

தகுந்த வீடு எது என்பதைக் கவுன்சில் தன் விருப்பப்படி தீர்மானிக்க முடியாது. வேலைத்தலத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் உள்ள தூரம், குடும்பத்தின் தேவைக்கேற்ற அளவு, வாடகையைத் தாங்கும் வசதி, வாடகை ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று அதே அட்டவணை சொல்கிறது. பலர் கவனிக்காமல் விடும் இன்னொன்றும் அதில் இருக்கிறது: குடும்பத்தவர் ஒருவரின் நல்வாழ்வுக்கு மற்றொருவர் அருகில் இருப்பது அவசியமானால், அந்தத் தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். எங்களுக்கு முதலில் காட்டிய வீடு அழகாகத்தான் இருந்தது, ஆனால் அம்மாவை நாள்தோறும் வந்து பார்க்கும் அக்காவின் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டியிருந்தது. ‘தூரம்’ என்று வாயால் சொன்னபோது வீடமைப்பு உத்தியோகத்தர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அக்கா செய்யும் பராமரிப்பைக் குடும்ப வைத்தியரின் கடிதத்தோடு, அட்டவணையின் அந்தப் பகுதியையும் சுட்டிக்காட்டி எழுதியபோதுதான் அடுத்த வீடு பக்கத்துத் தெருவில் கிடைத்தது.

ஆனாலும் வீட்டைப் பற்றிய கவலை இரண்டாவதுதான். புதிய வீட்டைச் சுற்றிக் காட்டும்போது எல்லோரும் குசினியையும் ஜன்னலையும் பார்க்கிறார்கள். கையெழுத்து வைக்கப் போகும் ஒப்பந்தத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. என் அம்மாவின் ஒப்பந்தம் தொண்ணூறுகளில், அவருடைய பெயரில் மட்டும் எழுதப்பட்டது. 2012 ஏப்ரல் 1ஆம் திகதிக்கு முன்னர் தொடங்கிய செக்யூர் டெனன்சியில், வாடகையாளர் இறந்தால், அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களும் அவரோடு அந்த வீட்டில் வாழ்ந்த பிள்ளைக்கு அந்த உரிமை ஒருமுறை கைமாறலாம். அந்தத் திகதிக்குப் பின்னர் தொடங்கும் ஒப்பந்தங்களில் கணவன், மனைவி அல்லது துணைவருக்கு மட்டுமே சட்டம் அதைத் தருகிறது. பிள்ளைக்குக் கிடைக்க வேண்டுமானால் ஒப்பந்தத்திலேயே அதற்கென வெளிப்படையான வாசகம் இருக்க வேண்டும். இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். கட்டடத்தை இடிப்பதற்காக, கவுன்சிலின் வசதிக்காக, அம்மா தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறுகிறார். புதிய ஒப்பந்தம் எழுதப்படுகிறது. அவரோடு வாழ்ந்து அவரைப் பார்த்துக்கொண்ட மகளின் வாரிசுரிமை அந்த ஒரு கையெழுத்தோடு போய்விடுகிறது. இதை எந்தக் கூட்டத்திலும் எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வண்ணப் படங்கள் போட்ட கையேட்டில் ‘உங்கள் உரிமைகள் அப்படியே தொடரும்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள்.

அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டுதான் நான் கேட்டேன்: அப்படியே தொடரும் என்றால், பழைய ஒப்பந்தத்தில் இருந்த வாரிசுரிமையைப் புதியதில் வாசகமாகச் சேர்த்துத் தாருங்கள். உத்தியோகத்தர் அது தன் கையில் இல்லை என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. கடிதம் அவருடைய மேலதிகாரிக்குப் போய், அங்கிருந்து சட்டப் பிரிவுக்குப் போய், பல மாதம் பதிலில்லாமல் கிடந்தது. இதற்கிடையில் ‘எல்லோரும் மாறிவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான் தாமதிக்கிறீர்கள்’ என்று தொலைபேசியில் அம்மாவிடம் சொல்லி, அவரை நித்திரையில்லாமல் செய்தார்கள். கடைசியில் அந்த வாசகத்தைச் சேர்த்தார்கள். அதன் பிறகுதான் அம்மா கையெழுத்து வைத்தார். இதைச் சுயநலம் என்று சிலர் எழுதக்கூடும். வரிசையில் காத்திருக்கும் குடும்பங்களுக்குப் போக வேண்டிய வீட்டை வாரிசுச் சொத்தாக்குகிறாய் என்று என்னிடம் நேரிலும் கேட்டிருக்கிறார்கள். நான் புதிதாக எதையும் கேட்கவில்லை, இருந்ததை எடுத்துவிடாதீர்கள் என்றுதான் கேட்டேன்.

வாடகையையும் இதே கண்ணோடு பாருங்கள். கவுன்சில் வீடுகளுக்கு வழக்கமாக வாங்கும் குறைந்த ‘சமூக வாடகை’ என்பது ஒன்று; ‘அஃபோர்டபிள் ரென்ட்’ என்ற பெயரில் சந்தை வாடகையின் 80 சதவீதம் வரை போகக்கூடியது வேறொன்று. லண்டனில் அந்த வித்தியாசம் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றிவிடும். உங்கள் பெற்றோர் ஓய்வூதிய வயதுக்குக் குறைந்தவர்களாக இருந்து, வாடகை உதவி பெறுபவர்களாகவும் இருந்தால், தேவைக்கு மேல் ஓர் அறை இருந்தாலே உதவியின் கணக்கில் வாடகையில் 14 சதவீதமும், இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 25 சதவீதமும் வெட்டப்படும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு அறைகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

இனிப் பணம். 1973ஆம் ஆண்டின் காணி நட்டஈட்டுச் சட்டம் இரண்டு கொடுப்பனவுகளைத் தருகிறது, இரண்டும் வேறு வேறானவை. வீட்டை இழப்பதற்கான கொடுப்பனவு, குறைந்தது ஓராண்டாக அங்கேயே வாழ்ந்து நிரந்தரமாக வெளியேறும் வாடகையாளருக்கு உரியது. தொகையை அரசாங்கம் நிர்ணயிக்கிறது. 2023 அக்டோபரில் அது 8,100 பவுண்ஸாக இருந்தது, அவ்வப்போது மாற்றப்படுவதால் நீங்கள் வெளியேறும் நாளில் உள்ள தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் இருவர் பெயர் இருந்தால் அந்த ஒரே தொகையை இருவரும் பங்கிட வேண்டும். வாடகைப் பாக்கி இருந்தால் கவுன்சில்கள் அதிலிருந்து கழித்துக்கொள்வது வழக்கம். மற்றது இடமாற்றச் செலவு: சாமான் ஏற்றும் வாகனம், அடுப்பையும் சலவை இயந்திரத்தையும் கழற்றிப் பூட்டுவது, புதிய ஜன்னல்களுக்குப் பொருந்தாத திரைச்சீலைகளை மாற்றுவது போன்ற நியாயமான செலவுகள் இதில் அடங்கும். பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள்.

பணத்தில் ஒரு பொறி இருக்கிறது. கொடுப்பனவு கிடைப்பது, இடிப்பின் காரணமாக நீங்கள் வெளியேறினால்தான். நீங்களாகவே விரும்பி மாறினீர்கள் என்றால் இல்லை. எங்கள் மாடியில் இருந்த ஓர் அன்ரி, கவுன்சில் முறைப்படி முடிவெடுப்பதற்கு முன்னமே, வழக்கமான இடமாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். லிஃப்ட் பழுதாகி நிற்கும், சுவரில் ஈரம், இடிக்கப் போகும் கட்டடத்துக்கு ஏன் திருத்த வேலை என்ற பேச்சு வேறு. அவர் போனதில் வியப்பில்லை. பிறகு கொடுப்பனவைக் கேட்டபோது ‘இது உங்கள் சொந்த விண்ணப்பம்’ என்று பதில் வந்தது. அம்மாவிடமும் அதே படிவத்தைக் கொண்டுவந்தார்கள். இடிப்புக்காக மாற்றப்படுபவருக்கு ‘டிகான்ட்’ என்ற முன்னுரிமை நிலை உண்டு. அந்த நிலையையும் இரண்டு கொடுப்பனவுகளையும் உறுதிசெய்து கடிதம் தராமல் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று நான் தடுத்துவிட்டேன். திருத்த வேலையைப் பொறுத்தவரை, கடைசி நாள் வரை கட்டடத்தைப் பேணும் கடமை கவுன்சிலுக்கு இருக்கிறது. இடிக்கும் திட்டம் இருப்பதால் மட்டும் அந்தக் கடமை இல்லாமல் போய்விடாது. முறைப்பாட்டைக் கவுன்சிலுக்கு எழுத்தில் கொடுத்து, அதன் இரண்டு கட்டப் பதிலும் வந்த பிறகும் சரிவராவிட்டால் வீடமைப்புக் குறைகேள் அதிகாரியிடம் (ஹவுசிங் ஒம்பட்ஸ்மன்) போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இந்த இடத்தில் மனத்தில் உள்ளதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த அன்ரி கேள்வி கேட்காமல் போனதற்கு ஈரச் சுவர் மட்டும் காரணம் அல்ல. ‘கவுன்சில் வீடு’ என்பதை நம்மவர்களே ஒரு குறையாகப் பேசுகிறார்கள். சும்மா கிடைத்த வீட்டுக்கு நட்டஈடு வேறு கேட்கிறீர்களா என்று எங்கள் சொந்தத்துக்குள்ளேயே கேட்டார்கள். சும்மா கிடைக்கவில்லை, இருபது வருடத்துக்கு மேல் அம்மா துப்புரவு வேலை செய்து வாடகை கட்டிய வீடு அது. அப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்து, நீட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறார்கள்.

கூட்டாகச் செய்யக்கூடியதும் இருக்கிறது. இடிப்பு போன்ற விடயங்களில் செக்யூர் வாடகையாளர்களின் கருத்தைக் கேட்டு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 105ஆவது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. லம்பெத் கவுன்சில், கிரசிங்ஹம் கார்டன்ஸ் குடியிருப்பில் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே புதுப்பிக்கும் தெரிவுகளை நடுவில் விலக்கிவிட்டது சட்டவிரோதம் என்று 2015இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவுன்சில் மறுபடியும் முறைப்படி கருத்துக் கேட்டு முடிவெடுத்தபோது, அடுத்த வழக்கில் குடியிருப்பாளர்கள் தோற்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லண்டனில் 2018 ஜூலை முதல், சமூக வீடுகளை இடித்து 150 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கட்டும் திட்டத்துக்கு மேயரின் நிதி வேண்டுமானால், விதிவிலக்குகள் நீங்கலாக, குடியிருப்பாளர்களின் வாக்கெடுப்பில் அது வெல்ல வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத நீங்களும் அங்கேயே வசித்து, ஓராண்டாகக் கவுன்சில் வீட்டுக்குக் காத்திருப்போர் பதிவேட்டில் இருந்தால் வாக்களிக்கலாம். வாக்கெடுப்புக்கு முன் ஒரு வாக்குறுதி ஆவணம் தருவார்கள். திரும்பி வரும் உரிமை, சமூக வாடகை, வாரிசுரிமை ஆகிய மூன்றும் அதில் எந்தச் சொற்களில் எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். சதர்க்கில் ஹேகேட் குடியிருப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் இருந்த இடத்தில் எழும்பிய புதிய கட்டடங்களில் சமூக வாடகை வீடுகள் மிகச் சிலவே; திரும்பி வரலாம் என்ற பேச்சை நம்பியிருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்ப வீடே இருக்கவில்லை. புதிய வீடுகள் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் புதிய வீடு பழையதைவிடச் சூடாகவும் உலர்ந்தும் இருக்கிறது.

உங்கள் பெற்றோருக்கு வீட்டை வாடகைக்குக் கொடுத்திருப்பது கவுன்சில் அல்லாமல் வீடமைப்புச் சங்கமாக (ஹவுசிங் அசோசியேஷன்) இருந்தால் நிலைமை சற்றுப் பலவீனமானது. அங்கே 1988ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் ஆறாவது காரணமான இடிக்கும் நோக்கத்தை நிரூபித்துவிட்டால், மாற்று வீட்டைக் கேட்காமலே நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாகும். ஆனால் அந்த வழியில் போனால் நியாயமான இடமாற்றச் செலவைச் சங்கம் தர வேண்டும். கவுன்சிலிலிருந்து சங்கத்துக்குக் கைமாறிய குடியிருப்பு என்றால், கைமாறியபோது கொடுத்த வாக்குறுதிக் கடிதத்தைத் தேடி எடுங்கள். வீட்டை வாங்கும் உரிமையைப் பயன்படுத்த நினைத்திருந்தால், முதலாவது இடிப்பு அறிவித்தல் வந்ததும் விற்பனையை முடித்துத் தரும் கடமை நின்றுவிடும்; அந்த அறிவித்தல் ஏழு வருடம் வரை செல்லுபடியாகலாம். ஏற்கெனவே விண்ணப்பித்துச் செலவழித்திருந்தால், அந்தச் செலவை மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

வழக்கு என்று அறிவித்தல் வந்தால் சட்ட உதவி கிடைக்க வாய்ப்புண்டு. அதற்கு முன்னரே வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் ஷெல்டர் தொண்டு அமைப்புடனோ, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸுடனோ பேசிவிடுங்கள். உங்கள் பெற்றோரின் ஒப்பந்தம் எந்த ஆண்டு தொடங்கியது, ஒருவர் பெயரிலா இருவர் பெயரிலா, நீங்களும் அதே வீட்டில் இருக்கிறீர்களா என்பதைப் பின்னூட்டத்தில் எழுதினால், நான் கவுன்சிலுக்கு அனுப்பிய கடிதத்தின் வாசகத்தை உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றித் தருகிறேன். இருவர் பெயரில் இருந்து அவர்களில் ஒருவர் ஏற்கெனவே இறந்திருந்தால் அந்த ஒரே கைமாற்றம் முடிந்துவிட்டதாகச் சட்டம் கணக்கிடும், அப்போது கடிதத்தை வேறுவிதமாக எழுத வேண்டியிருக்கும்.