எனலாப்ரில் குளிசையும் விடாத வறட்டு இருமலும்

வணக்கம். மாங்குளத்திலுள்ள உங்கள் தாயாருக்கு, கிளினிக்கில் எனலாப்ரில் தரத் தொடங்கிய பின்னர் சளியில்லாத இருமல் வந்து இரவில் உறங்கவிடாமல் வருத்துவதாக எழுதியிருந்தீர்கள். குருதி அமுக்கத்தைக் குறைக்கும் அம்மருந்து, பிராடிகைனின் என்னும் பொருள் சிதைவதையும் தடுப்பதால், அப்பொருள் சுவாசப் பாதையில் சேர்ந்து இருமலைத் தூண்டுகிறது என்பதே பொதுவாகக் கூறப்படும் விளக்கம். பாணி மருந்தோ கொத்தமல்லிக் குடிநீரோ இதனை நிறுத்துவது அரிது. ஆயினும் அமுக்கம் ஏறிவிடக்கூடும் என்பதால் குளிசையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல், கொப்பியையும் குளிசைகளையும் எடுத்துச் சென்று, லொசார்டன் போன்ற மாற்று மருந்து அவருக்குப் பொருந்துமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். மாற்றிய பின் இருமல் பெரும்பாலும் 1 முதல் 4 வாரங்களில் அடங்கும்; சிலருக்கு 3 மாதங்கள்வரை நீடிக்கலாம். காய்ச்சலோ உடல் மெலிவோ இருந்தால், காசநோய்க்கான சளிப் பரிசோதனையையும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும், அடுத்த குளிசையைக் கொடுக்காமல், உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.