பஸ்ஸில் சீட் பெல்ட்: சுங்கை சிப்புட் வாசகர்கள் கேட்டவை

பஸ் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், பெல்ட் விதி வந்த நாளிலிருந்து கோயில் வாசலிலும் சாப்பாட்டுக் கடையிலும் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். எழுதிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் மகன் வாரந்தோறும் ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் போகிறான். பெல்ட் போடாவிட்டால் பயணிக்கே சம்மன் என்கிறான். காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவனுக்கு எதற்குங்க ஐயா சம்மன்?

மகன் சொன்னது சரிதான் அம்மா. 2025 ஜூலை 1 முதல் எக்ஸ்பிரஸ் பஸ்ஸிலும் சுற்றுலா பஸ்ஸிலும் ஓட்டுநரோடு பயணிகளும் பெல்ட் அணிந்தாக வேண்டும். மீறினால் 300 ரிங்கிட். காரின் முன்னிருக்கைக்கு இந்த விதி 1979-இல் வந்தது. பின்னிருக்கைக்கு 2009-இல் வந்தது. நாற்பது உயிர்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்கு இவ்வளவு தாமதமாக வந்ததே என்பதுதான் என் ஆதங்கம்.

எதற்குச் சம்மன் என்று கேட்டீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் பஸ் சட்டென்று நின்றால், பெல்ட் இல்லாதவர் அதே வேகத்தில் முன்னால் பறப்பார். பதினான்கு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்காவது மாடியிலிருந்து விழுவதற்கு அது சமம். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒழுங்காகப் பெல்ட் போட்டிருந்தாலும், அவர் தலையில் போய் விழுவது உங்கள் மகனாக இருக்கலாம். அவன் பெல்ட் அவனை மட்டும் காப்பதில்லை.

பஸ் தீப்பிடித்தால் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாதே?

எல்லோருக்கும் உள்ள பயம் இது. இதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஆனால் பஸ் விபத்தில் மிகக் கொடியது கவிழ்வதுதான். கவிழும்போது பெல்ட் இல்லாதவர்கள் உள்ளேயே உருண்டு மோதிக்கொள்கிறார்கள். சன்னல் வழியே வெளியே வீசப்பட்டுப் பஸ்ஸின் அடியிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். 2013 ஆகஸ்டில் கெந்திங் மலைச்சாலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. தீயோ தண்ணீரோ, தப்பி ஓட வேண்டுமானால் முதலில் நினைவு தப்பாமல் இருக்க வேண்டும். கால் முறியாமல் இருக்க வேண்டும். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சிவப்புப் பொத்தானை இரண்டு முறை அழுத்திக் கழற்றிப் பாருங்கள். கைக்குப் பழகிவிடும்.

பங்குனி உத்திரத்துக்கு மாரான் முருகன் கோயிலுக்குப் போகத் தோட்டத்துச் சார்பில் பஸ் பிடிக்கிறோம். பழைய பஸ். இருக்கையில் பெல்ட் இல்லை. "நானே மாட்டித் தருகிறேன்" என்கிறார் பஸ் முதலாளி. ஒத்துக்கொள்ளலாமா?

தலைவர் ஐயா, உங்கள் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டும்.

பெல்ட் என்பது வெறும் நாடா. அதன் பலம் அதைப் பிடித்திருக்கும் இருக்கையில் இருக்கிறது. இருக்கையின் பலம் தரையில் இறக்கிய போல்ட்டில் இருக்கிறது. மோதலில் உடல் எடையைப் போல் பத்து மடங்கு விசை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது கிலோ ஆள் அறுநூறு கிலோவாக இழுப்பார். இரட்டை இருக்கையில் இருவர் என்றால் ஆயிரத்து இருநூறு கிலோ, அந்தச் சில போல்ட்டுகளின் மேல். இதற்காகத்தான் ஐக்கிய நாடுகள் சபையின் மூன்று தர விதிகள் இருக்கின்றன: ஆர்14 பெல்ட்டின் பிடிமானத்துக்கு, ஆர்16 பெல்ட்டுக்கு, ஆர்80 இருக்கைக்கு. 2020 ஜனவரி 1 முதல் தயாரான பஸ்கள் இவற்றுக்கு உட்பட்டவை. நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பஸ் எந்த ஆண்டில் செய்தது?"

ஒருமுறை ஒரு பழைய பஸ்ஸின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். பெயர் வேண்டாம். புத்தம் புதுப் பெல்ட்டுகள், பளபளவென்று. விரிப்புக்கு அடியில் தரைப்பலகை ஈரத்தில் ஊறி, விரலால் அழுத்தினாலே பிட்டுப் போல உதிர்ந்தது. இருக்கைக் கால்களைப் பிடித்திருந்த போல்ட் அந்தப் பலகையில்தான் நின்றது. இரும்புச் சட்டத்தைத் தொடவே இல்லை. அந்தப் பஸ் மோதினால் இருக்கை பெயர்ந்து, பெல்ட்டோடும் ஆளோடும் சேர்ந்து முன்னால் போகும். பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

ஆகவே முதலாளி தானே மாட்டித் தருவதை ஏற்காதீர்கள். முன்னூறு, நானூறு ரிங்கிட் கூடினாலும் வீட்டுக்கு வீடு வசூலித்துப் புதிய பஸ்ஸாகப் பிடியுங்கள். புறப்படும் முன் ஒவ்வோர் இருக்கையையும் முதுகுப் பக்கம் பிடித்து உலுக்கிப் பாருங்கள். பெல்ட்டின் கொக்கி மெத்தைக்கு அடியில் புதைந்து கிடந்தால் எடுத்து வெளியே போடுங்கள். காராக் மலைச்சாலையில் இரவில் பஸ் இறங்கும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஓட்டுநர் தூங்குகிறார், பிரேக் பிடிக்கவில்லை, வேகம் கட்டுப்படவில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டுப் பயணியைத் தண்டிப்பது நியாயமா?

தம்பி, உங்கள் கோபத்தில் பாதி என்னுடையதும்தான். தேய்ந்த பிரேக்கோடு சாலைக்கு வரும் பஸ்ஸின் முதலாளிக்கு 300 ரிங்கிட் ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் உரிமத்தில் கை வைத்தால்தான் வலிக்கும். 2025 ஜூனில் கிரிக் அருகே பஸ் விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்களைப் பறிகொடுத்தோம். பஸ்ஸைச் சரியாக வைத்திருப்பது முதலாளியின் கடமை, அதைக் கண்காணிப்பது அரசின் கடமை. ஆனால் அவர்கள் திருந்தும்வரை நீங்கள் பெல்ட் போடாமல் காத்திருந்தால் நஷ்டம் அவர்களுக்கு இல்லை.

தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றும் பஸ்ஸுக்கும் ஆலைக்கு ஆளேற்றும் பஸ்ஸுக்கும் ஏன் இந்த விதி இல்லை?

என்னை உறுத்துவதும் இதுதான். நம் தோட்டப்புறத்து மக்கள் அன்றாடம் ஏறுவது இந்த இரண்டில்தான். அமெரிக்காவில் 1977 முதல் பெரிய பள்ளி பஸ்களில் உயரமான, தடித்த மெத்தை வைத்த சாய்வுகளை நெருக்கமாக அமைத்து, பிள்ளை முன்னால் போனாலும் மெத்தையில் மோதும்படி செய்தார்கள். நேர் மோதலுக்கு அது உதவும், கவிழ்ந்தால் போதாது. இங்கே இருவர் உட்காரும் இடத்தில் மூன்று பிள்ளைகள், புத்தகப் பையோடு. இந்தப் பஸ்களில் பெல்ட் மாட்ட முதலில் ஆளுக்கு ஓர் இருக்கை வேண்டும். பெற்றோர் சங்கக் கூட்டத்தில் பஸ்காரரை அழைத்து எத்தனை இருக்கை, எத்தனை பிள்ளை என்று எண்ணச் சொல்லுங்கள்.

மருமகள் ஏழு மாதம். பெல்ட் போடலாமா?

கட்டாயம் போட வேண்டும். இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில், எலும்பின் மேல் படிய வேண்டும். வயிற்றின் குறுக்கே வரக் கூடாது. தோள் பட்டை இருந்தால் மார்புக்கு நடுவே.

இரவு பஸ்ஸில் இருக்கையை முழுதாகச் சாய்த்துத் தூங்கும்போதும் பெல்ட் வேலை செய்யுமா?

அரைகுறையாகத்தான். படுத்தபடி இருந்தால் மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் நழுவும். இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றில் ஏறி உள்ளுறுப்புகளை அறுக்கும். கொஞ்சமாகச் சாய்த்து, பெல்ட்டை இறுக்கி, போர்வையை அதற்கு மேலே போர்த்திக்கொள்ளுங்கள்.