சீட்டு உயரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவு வரை: சைக்கிள் கேள்வி பதில்

கியர் சைக்கிள் வாங்கப் போகிறவர்களும், வாங்கி ஒரே மாதத்தில் மாடிப்படிக்கு அடியில் நிறுத்திவிட்டவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கல்லூரிக்குத் தினமும் 9 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரை மண்பாதை. கையில் 18,000 ரூபாய் இருக்கிறது. எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) வாங்கலாமா, ரோடு பைக் வாங்கலாமா அண்ணா? (மதுரை மாணவர்)

இரண்டும் வேண்டாம் தம்பி. இந்த விலையில் வரும் எம்டிபியின் முன் சஸ்பென்ஷனில் வெறும் ஸ்பிரிங்தான் இருக்கும். அமுங்கியதை நிதானமாகத் திரும்ப விடும் எண்ணெய் அமைப்பு இருக்காது. பள்ளத்தில் விழுந்தால் துள்ளும். எழுந்து நின்று மிதித்தால் உங்கள் பலத்தை அதுவே விழுங்கும். எடையும் கூடுதல். ரோடு பைக்கின் மெல்லிய டயரோ கண்மாய் மணலில் புதையும்.

சஸ்பென்ஷன் இல்லாத நேர் போர்க்கு (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), 700-35 அல்லது 700-38 டயர் (பின் எண் மி.மீ. அகலம்) உள்ள ஹைபிரிட்டைப் பாருங்கள்; எம்டிபிக்கும் ரோடு பைக்குக்கும் நடுவிலான வகை அது. கடையில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு ஃப்ரீவீலா, கேசட்டா? ஃப்ரீவீல் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் நுனி தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும். எடை அதிகமுள்ளவர் ஓட்டினால் அச்சு வளையும், சில நேரம் முறியும். கேசட் ஹப்பில் அந்தத் தொல்லை குறைவு. மொத்தத்தையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாதீர்கள். ஹெல்மெட், மானி வைத்த பம்பு, உதிரி ட்யூப், அலன் கீ செட், முன் பின் விளக்கு இவற்றுக்கு 3,000 ரூபாயாவது ஒதுக்குங்கள்.

ஆன்லைனில் வாங்குகிறேன். என்ன சைஸ் என்று எப்படித் தெரிந்துகொள்வது? (கோவை)

உயரத்தைவிடக் கால் அளவு முக்கியம். வெறுங்காலோடு சுவரில் முதுகு சாய்த்து நில்லுங்கள். ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே அழுத்திப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அது 78 செ.மீ. என்றால் 0.67-ஆல் பெருக்க 52 வரும்; அது ரோடு பைக் ஃப்ரேமின் அளவு. எம்டிபிக்கு 0.57-ஆல் பெருக்கினால் சுமார் 44 செ.மீ., அதாவது 17 அங்குலம்.

இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால் சிறியதை எடுங்கள். சின்ன ஃப்ரேமில் சீட்டை உயர்த்தலாம், ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம்மை நீளமாக்கலாம். பெரிய ஃப்ரேமைச் சின்னதாக்க வழியே இல்லை. 26, 27.5, 29 என்பதெல்லாம் சக்கர அளவுகள். அதை ஆள் சைஸ் என்று சொல்லி விற்கும் கடைகளும் உண்டு, ஏமாறாதீர்கள்.

15 கி.மீ. தாண்டினால் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. கை விரல்களும் மரத்துப்போகின்றன. வயது 44. டாக்டரிடம் போகட்டுமா? (திருச்சி)

சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் வலி நிற்காவிட்டாலோ வீக்கம் இருந்தாலோ உடனே போங்கள். அதற்கு முன் சீட்டைப் பாருங்கள். முட்டிக்கு முன்னால் வலி என்றால் பெரும்பாலும் சீட்டு தாழ்ந்திருக்கிறது, அல்லது கனமான கியரில் மெதுவாக மிதிக்கிறீர்கள். முட்டிக்குப் பின்னால் வலி என்றால் சீட்டு உயரம். மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினாலும் உயரம்தான்.

மேலே சொன்ன கால் அளவை 0.883-ஆல் பெருக்குங்கள். 78-க்கு 68.9 செ.மீ. பெடல் கிராங்கின் நடு போல்ட்டிலிருந்து சீட்டு மேற்பரப்பு வரை, சீட் டியூப் போகும் கோட்டிலேயே அளக்க வேண்டும். டேப் கையில் இல்லையென்றால், பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி இலேசாக மடங்கியிருக்கும். ஒரு தடவைக்கு 5 மி.மீ. மாற்றுங்கள், இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த 5 மி.மீ. ஒரே நாளில் இரண்டு செ.மீ. ஏற்றினால் வலி வேறு இடத்துக்குக் குடிபோகும். சீட் போஸ்ட்டில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியவே கூடாது.

விரல் மரப்பதற்கு, கொத்தனாரின் ரசமட்டத்தைச் சீட்டின் மேல் வைத்துப் பாருங்கள். மூக்குப் பகுதி கீழே சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். மட்டமாக்குங்கள். முழங்கையை விறைப்பாக நீட்டாமல் சற்று மடக்கி வையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகும் விரல் மரத்துப்போனால் கையுறை வாங்கலாம்.

எங்கள் பக்கம் முழுக்க சீமைக்கருவேலம். வாரத்துக்கு இரண்டு பஞ்சர். ஒட்டிய மறுநாளே திரும்பவும் போகிறது. (இராமநாதபுரம்)

மறுநாளே போனால் அது புது முள் இல்லை. பழைய முள்ளின் நுனி டயருக்குள் ஒடிந்து கிடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ட்யூபில் காற்று ஏறி டயர் அழுந்தும்போது மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கும். டயரைக் கழற்றியதும் உட்புறம் முழுக்க ஒரு பஞ்சுத் துண்டை மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். இடுக்கியால் வெளியே எடுங்கள்.

இன்னொரு பழக்கமும் நல்லது. டயரில் கம்பெனிப் பெயர் அச்சடித்த இடம் எப்போதும் வால்வுக்கு நேராக வருமாறு மாட்டுங்கள். ட்யூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறதோ, டயரிலும் அதே தூரத்தில் தேடினால் போதும்.

ஓட்டை எங்கே என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். வெளிப்பக்கம் ஒற்றைத் துளை: முள் அல்லது கண்ணாடி. பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை: காற்று குறைவாக இருந்தபோது கல்லில் இடித்து, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கியது. ரிம் பக்கம் துளை: ரிம் டேப் விலகி, ஆரக்கம்பியின் நிப்பிள் குத்துகிறது.

ஒட்டும்போது உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷனைப் பேட்ச்சைவிடப் பெரிய வட்டமாகத் தடவி, ஈரப் பளபளப்பு போகும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டுவதால்தான் பாதி பேட்ச்சுகள் பிரிகின்றன. டயரைத் திரும்ப மாட்டும்போது கடைசி ஒரு சாண் இறுகும். அங்கே லீவர் போட்டு நெம்பினால் புது ட்யூபையும் கிழிப்பீர்கள். மற்றப் பக்கமெல்லாம் டயர் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளினால் அந்த ஒரு சாண் தளர்ந்து கட்டைவிரலுக்கே ஏறிவிடும்.

உங்கள் ஊருக்கு ட்யூபுக்குள் ஊற்றும் சீலன்ட் கட்டாயம். முள் துளையைத் தானே அடைக்கும். வால்வின் உள் ஊசி கழலக்கூடிய ட்யூபாக வாங்கினால் ஊற்றுவது சுலபம்.

டயரில் எவ்வளவு காற்று? கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் போதாதா?

போதாது. 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) தாண்டினால் எல்லா டயரும் விரலுக்குக் கல்லாகவே தெரியும். டயர் ஓரத்தில் அச்சடித்திருப்பது உச்ச எல்லை. அவ்வளவு அடிக்க வேண்டும் என்ற பரிந்துரை இல்லை. 70 கிலோ ஆளுக்குத் தோராயமாக: 25 மி.மீ. டயர் 80 முதல் 85, 28 டயர் 70, 32 டயர் 55 முதல் 60. எம்டிபி 2.1 அங்குல டயர் தார்ச்சாலைக்கு 40, மண்ணுக்கு 28. பின்சக்கரத்துக்கு 5 கூட்டுங்கள். ஐந்து கிலோ எடைக்கு ரோடு டயரில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. மாற்றினால் சரியாக வரும். மெல்லிய டயரில் காற்று வேகமாகக் கசியும் என்பதால் வாரம் இரண்டு முறை பாருங்கள். பெட்ரோல் பங்க் குழாய் தடித்த கார் வால்வுக்கு மட்டும் பொருந்தும். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் வாங்கிச் சாவிக்கொத்தில் போட்டு வையுங்கள்.

21 கியர் இருக்கிறது. எதை எப்போது போடுவது? சில கியரில் கரகரவென்று சத்தம் வருகிறது.

முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கினால்தான் 21. அதில் பாதி கிட்டத்தட்ட ஒரே மாதிரியான கியர்கள். சமதரையில் முன்னால் நடுவில் வைத்துப் பின்னால் மட்டும் மாற்றுங்கள். மேட்டுக்கு முன்னால் சிறியதும் பின்னால் பெரிய மூன்றும். இறக்கத்துக்கு முன்னால் பெரியதும் பின்னால் சிறிய மூன்றும். சிறியதோடு சிறியது, பெரியதோடு பெரியது போட்டால் செயின் குறுக்கே இழுபட்டுக் கரகரக்கும், சீக்கிரம் தேயும்.

மேடு தொடங்கும் முன்பே மாற்றுங்கள். பாரம் முழுக்க இறங்கிய பிறகு மாற்றினால் செயின் நழுவும். நிமிடத்துக்கு 75 முதல் 90 சுற்று கால் சுழல வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

எல்லாக் கியரிலும் சத்தம் என்றால் கேபிள் தளர்ந்திருக்கும். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் பின் டிரெய்லரில் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவியில்) கேபிள் நுழையும் இடத்துத் திருகை இடஞ்சுழியாகக் கால் சுற்று. சிறியதற்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாக. சைக்கிள் வலப்பக்கம் விழுந்த பிறகு எந்தத் திருகும் பலிக்கவில்லையா? டிரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. அதைக் கடையில் நிமிர்த்திவிட்டு வாருங்கள். அப்படியே ஓட்டினால் டிரெய்லர் ஒருநாள் ஆரக்கம்பிக்குள் போய்ச் சக்கரத்தையே முடக்கும்.

ஏலகிரி ஏற வேண்டும் என்று ஆசை. சமதரையில் 40 கி.மீ. ஓட்டுவேன். முடியுமா சார்? (வாணியம்பாடி)

முடியும். 14 கொண்டை ஊசி வளைவுகள். முதல் மலைக்குப் பொருத்தமான இடம். 20 வளைவு ஏற்காடு அடுத்தது, 70 வளைவு கொல்லிமலை அதற்கும் அப்புறம்.

முதலில் உங்கள் மிக இலகுவான கியரின் பற்களை எண்ணுங்கள். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் என்றால், நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு 8 கி.மீ. வேகம். முன்னால் 39, பின்னால் 25 என்றால் அதே 8 கி.மீ.க்குக் கால் 40 சுற்றுதான் சுழலும். ஒவ்வொரு மிதியும் படியேறுவது போல் முட்டியில் இறங்கும். அப்படி ஓட்டிக் கஷ்டப்படுகிறவர் “எனக்கு ஸ்டாமினா இல்லை” என்பார். இல்லாதது பல். பின்னால் பெரிய கேசட் போட டிரெய்லர் தாங்குமா என்று கடையில் கேட்டு மாற்றுங்கள்.

ஏறும்போது முதல் மூன்று வளைவு வரை வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். முழு வாக்கியம் பேச முடிகிற மூச்சில் இருக்க வேண்டும். வளைவின் உள்விளிம்பு செங்குத்து. பின்னால் வண்டி இல்லையென்றால் சற்று வெளியே விரிந்து போனால் சரிவு குறையும். உட்கார்ந்தே மிதியுங்கள், இடுப்பு பிடித்தால் மட்டும் இருபது மிதிக்கு எழுந்து நில்லுங்கள்.

புதியவர்கள் விழுவது இறக்கத்தில்தான். வளைவுக்கு முன்பே நேர்ப்பாதையில் வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள். சாய்ந்தபின் பிரேக் பிடித்தால் டயர் பிடிப்பை விடும். வளைவின் வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை அதன்மேல். பார்வை வளைவு முடியும் இடத்தில். பள்ளத்தைப் பார்த்தால் கை அங்கேயே இழுத்துப் போகும். முன் பிரேக்குக்குப் பயப்பட வேண்டாம், சைக்கிளை நிறுத்துவதே பெரும்பாலும் அதுதான். ஆனால் திடுமெனக் கவ்வாமல் பிழிவதுபோல் பிடியுங்கள். ரிம் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தி வந்தால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும். பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்குங்கள். உங்கள் தடத்தைத் தாண்டவே கூடாது, வளைவில் பேருந்துக்குச் சாலை முழுவதும் தேவைப்படும். ஊட்டியின் கல்லட்டிச் சாலையில் 36 வளைவு, கடும் சரிவு. முதல் வருடத்தில் அந்தப் பக்கம் இறங்க நினைக்க வேண்டாம்.

மண்பாதையில் முன்சக்கரம் மணலில் சிக்கி விழுந்துவிட்டேன். (புதுக்கோட்டை)

மணலுக்குள் நுழையும் முன் இலகு கியர். உடலைச் சற்றுப் பின்னால் தள்ளுங்கள். ஹேண்டிலைத் திருப்பாமல் தளர்வாகப் பிடித்து, மிதிப்பதை நிறுத்தாதீர்கள். நிறுத்திய நொடியில் சக்கரம் புதையும். கல், வேர் உள்ள இடத்தில் சீட்டை நாலைந்து செ.மீ. இறக்கி, எழுந்து, இரு பெடலும் மட்டமாக, முழங்கை விரித்து நில்லுங்கள். பிரேக்கில் ஒரு விரல் போதும். காட்டுப்பாதை என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். யானை இருக்கும் பகுதியில் ஓசையின்றி வரும் சைக்கிள் உங்களுக்கும் நல்லதில்லை, அதற்கும் நல்லதில்லை.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? (சென்னை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்)

தலைக்கு வையுங்கள். செயினில் அது பிசினாகி மணலைப் பிடிக்கும். பைக் இன்ஜின் ஆயிலும் அப்படித்தான், கறுத்த பசையாகும். சைக்கிள் செயினுக்கான மசகெண்ணெய் (லூப்) ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சொட்டு, பத்து நிமிடம் ஊற விட்டு, வெளியே தெரிவதைத் துணியால் முழுக்கத் துடையுங்கள். எண்ணெய் வேலை செய்ய வேண்டியது இணைப்பின் உள்ளே. வெளியே மினுங்குவது வீண். உப்புக் காற்றில் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்துங்கள்.

தேய்ந்ததா என்று அறிய, ஒரு பின்னின் நடுவிலிருந்து 12 அங்குலம் அளங்கள். சரியாக ஒரு பின்னின் நடுவில் முடிய வேண்டும். அந்தப் பின் பதினாறில் ஒரு அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒன்று தள்ளிப்போனால் கேசட்டும் சேர்ந்து போயிருக்கும்.

டிஸ்க் பிரேக் கிறீச்சிடுகிறது.

எண்ணெய் பட்டிருக்கும். செயினுக்கு ஸ்பிரே அடித்தபோது சிதறியதா? ரோட்டரை (வட்டத் தகட்டை) ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பேடை (அதைக் கவ்வும் பிரேக் கட்டையை) உப்புத்தாளில் இலேசாகத் தேயுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் பேடை மாற்ற வேண்டியதுதான். புது பேடை 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகம் வரை, சக்கரம் பூட்டாமல், இருபது தடவை பிடித்துப் பழக்குங்கள்.

60 கி.மீ. போனால் கடைசியில் தலை சுற்றுகிறது. தண்ணீர் நிறையத்தான் குடிக்கிறேன்.

வெறும் தண்ணீர் மட்டும் குடித்ததே காரணமாக இருக்கலாம். வியர்வையில் உப்பும் போகிறது. மணிக்கு 500 முதல் 750 மி.லி., அதில் ஒரு பாட்டிலாவது ஓ.ஆர்.எஸ். கலந்தது. மாவுச்சத்து மணிக்கு 30 முதல் 60 கிராம். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவு இருக்கும், கூடக் கடலை மிட்டாய், பேரீச்சை. பசித்தபின் சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது, 45-ஆவது நிமிடத்திலேயே தொடங்குங்கள். சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

200 கி.மீ. பிரவே என்கிறார்களே, பந்தயமா?

இல்லை. நேர எல்லைக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம் அது; 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் போதும். முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. ஓய்வையும் சேர்த்து மணிக்குச் சராசரி 15 கி.மீ. போதுமானது. 100 கி.மீ.யை இரண்டு மூன்று முறை சிரமமில்லாமல் முடித்தபின் பதிவு செய்யுங்கள்.

இடது பெடல் கழலவே மாட்டேன் என்கிறது. ஸ்பேனரே வளைந்துவிட்டது.

இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ். ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி, எந்தப் பக்கப் பெடலானாலும் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும், முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும். திரும்ப மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் நான்கு சுற்றைக் கையாலேயே திருகுங்கள்.