மருந்தைத் துப்பும் மறியாடு

கேள்வி: ஐயா, எங்கள் மூன்று வயது மறியாடு மாரி மழைக்குப் பிறகு கழிச்சல் கண்டு மெலிந்துவிட்டது. கால்நடை வைத்தியர் பார்த்து, மூன்று நாட்களுக்குக் காலையில் 10 மில்லிலீற்றர் பாணி மருந்து கொடுக்கச் சொன்னார். முதல் நாளே தலையை உதறி அரைவாசியைத் துப்பிவிட்டது. தவிட்டில் கலந்து வைத்தால் முகர்ந்துவிட்டு விலகுகிறது. தலையை மேலே தூக்கிப் பிடித்துச் சோடாப் போத்தலால் ஊற்றும்படி மாமி சொல்கிறார். அப்படி ஊற்றிய பக்கத்து வளவு ஆடு இரண்டு நாளில் மூச்சிழுத்துச் செத்ததைப் பார்த்ததால் எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் நானும் மாமியும் மட்டுமே இருக்கிறோம்.
- வாசகி, வவுணதீவு

பதில்: உங்கள் பயம் நியாயமானது. மாமி சொல்லும் முறை நம் பகுதியில் பரம்பரையாக நடந்து வருவதுதான். ஆனால் தலையை அண்ணாத்திப் பிடித்தால் ஆட்டினால் ஒழுங்காக விழுங்க முடியாது. போத்தலில் இருந்து மடமடவென்று இறங்கும் மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறி, நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். பக்கத்து வளவு ஆட்டுக்கும் அதுவே நேர்ந்திருக்கலாம்.

போத்தலை விட்டுவிட்டு, ஊசி கழற்றிய 10 மில்லிலீற்றர் சிறிஞ்சை எடுங்கள். வெயில் ஏறுமுன், ஆட்டைத் துரத்தி ஓடவிடாமல், கொட்டிலில் கட்டியிருக்கும்போதே பிடியுங்கள்; ஓடி இளைக்கும் ஆட்டுக்குப் புரையேறுவது எளிது. பின்பக்கம் கொட்டிலின் மூலையில் முட்டும்படி ஆட்டை நிறுத்தி, மாமி அதன் விலாவைத் தன் முழங்காலால் சுவரோடு அணைத்துக்கொள்ளட்டும். நீங்கள் இடது கையைத் தாடையின் கீழே கொடுத்துத் தலையைத் தாங்குங்கள். காதையோ தாடியையோ பிடித்து இழுத்தால் ஆடு இன்னும் திமிறும். வாய் நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. இந்த ஒன்றை மாமிக்கு எப்படியாவது விளங்கப்படுத்திவிடுங்கள்.

ஆட்டின் கீழ் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையில் பல்லில்லாத வெற்றிடம் ஒன்று உண்டு. வாயைப் பிளக்கத் தேவையில்லை; சிறிஞ்சின் நுனியைக் கடைவாய் ஓரமாக அந்த இடைவெளியால் நுழைத்து, நாக்கின் மேலே பின்புறம் நோக்கி வையுங்கள். விரலை உள்ளே விடாதீர்கள். கடைவாய்ப் பற்கள் கத்திபோலக் கூர்மையானவை. மூன்று, நான்கு மில்லிலீற்றராக விட்டு, தொண்டை அசைந்து விழுங்குவதைக் கண்ட பின்னரே அடுத்த பங்கை விடுங்கள். கத்திக்கொண்டிருக்கும் ஆட்டுக்கு மருந்து பருக்க வேண்டாம், ஏனெனில் கத்தும்போது மூச்சுக்குழாய் திறந்திருக்கும். நாக்கை வெளியே இழுத்துப் பிடிப்பதும் விழுங்கவிடாமல் செய்யும். இருமினால் உடனே கையை எடுத்து, தலையைத் தாழ்த்த விட்டுவிடுங்கள்.

துப்பியதைப் பார்த்து முழு அளவையும் மறுபடி கொடுத்துவிடாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று நமக்குத் தெரியாது, சில மருந்துகள் அளவு மீறினால் நஞ்சாகும். எவ்வளவு சிந்தியது என்று வைத்தியரிடம் சொல்லிக் கேட்பதே நல்லது.

மருந்து கொடுத்த பின் இரண்டு நாட்களுக்கு மூச்சைக் கவனியுங்கள். ஆட்டின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 முதல் 39.7 பாகை செல்சியஸ். காலைக் குளிர்ச்சியில் அளந்தும் 40 பாகையைத் தாண்டினாலோ, விலா வேகமாக அடித்து மூக்கால் சளி வடிந்தாலோ, அடுத்த வேளை மருந்தை நிறுத்தி வைத்தியரை அழையுங்கள். கழுத்தைத் தூக்க முடியாமல் சரிந்து கிடக்கும் ஆட்டுக்கு வாய்வழியாக எதையும், தண்ணீரைக்கூட, ஊற்றக் கூடாது. வயிறு ஊதினால் நல்லெண்ணெய் பருக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் ஆடு உடனே இருமாது என்பதால், மேலே சொன்ன அவதானம் அதற்கு இருமடங்கு தேவை.

கேள்வி: பூச்சிக் குளிசையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தால் எங்கள் ஆடு பழத்தைத் தின்றுவிட்டுக் குளிசையைத் துப்புகிறது. வேறு வழி உண்டா?
- வாசகர், திருக்கோவில்

பதில்: குளிசையை மாவாக இடித்து, பனங்கட்டியைக் காய்ச்சிய பாகில் களிபோலக் குழைத்து, நுனி அகலமான சிறிஞ்சால் நாக்கின் பின்பக்கத்தில் தடவிவிடுங்கள்; தண்ணீரில் கரைத்தால் துகள் அடியில் தங்கி நுனியை அடைக்கும். அதற்கு முன் ஆட்டைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் நிறையைக் கழித்து அதன் நிறையை அறிந்துகொள்ளுங்கள். ஆடுகள் பல பூச்சி மருந்துகளைச் செம்மறிகளைவிட விரைவாக உடலிலிருந்து வெளியேற்றிவிடுவதால், பெட்டியில் செம்மறிக்கென்று அச்சிட்ட அளவு போதாமல் போகலாம். எவ்வளவு கூட்டுவது என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். உங்களிடம் இருப்பது அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து என்றால், கிடாயுடன் சேர்ந்து ஒரு மாதம் ஆகாத மறிக்குக் கொடுக்காதீர்கள்.