மச்சான் கொண்டுவந்த வோக்கியும் உயர்த்திக் கட்டிய மொண்டேரோவும்

கேள்வி: என்னிடம் ஒரு மொண்டேரோ இருக்கிறது, லீசிங் இன்னும் முடியவில்லை. குடும்பத்தோடு வில்பத்து, மலைநாடு என்று போய்வருவதற்காகக் கராஜில் கொடுத்து ஸ்பிரிங் மாற்றி உயர்த்தினேன். பெரிய ரயர் போட்டேன். கூரையில் கரியரும் எல்.ஈ.டி. விளக்கும் பூட்டி, கடைசி வரிசை ஆசனங்களைக் கழற்றிவிட்டுப் படுக்கப் பலகைத் தட்டு அடித்தேன். கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒரு சோடி வோக்கி டோக்கி கொண்டுவந்தார், அங்கே அதற்கு லைசன்ஸ் தேவையில்லையாம். போன மாதம் இரண்டு வாகனமாகப் போனபோது வவுனியாவுக்கு அப்பால் பொலிசார் மறித்து வோக்கிகளை வாங்கிக்கொண்டு துண்டு எழுதித் தந்தார்கள். விளக்கைப் பற்றியும் விசாரித்தார்கள். நான் செய்தது குற்றமா? இனி எந்த மாதிரிச் செற் வாங்கலாம்? – சாவகச்சேரி வாசகர்

பதில்: தம்பி, வாகனத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டு வோக்கியைப் பற்றி இரண்டு வரியோடு நிறுத்தியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை அந்த இரண்டு வரியில்தான். வாகனத்தில் செய்த மாற்றங்களில் பெரும்பாலானவற்றைப் பத்திரம் திருத்தியோ, பழையபடி மாற்றியோ சரிப்படுத்தலாம். உரிமம் இல்லாத வோக்கியோ முதல் தடவை பொத்தானை அமத்திப் பேசியபோதே குற்றமாகிவிட்டது.

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டம் 1996இல் திருத்தப்பட்டது. அதன் 22ஆம் பிரிவின்படி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் இல்லாமல் எந்த அலைவரிசையையும், வானலை வெளியிடும் எந்தக் கருவியையும் இந்த நாட்டில் பயன்படுத்த முடியாது. மச்சான் சொன்னது பொய்யல்ல. அவர் கொண்டுவந்தது 462, 467 மெகாஹேர்ட்ஸில் பேசும் குடும்ப வோக்கியாக இருந்தால் கனடாவில் உரிமம் தேவைப்படாது. ஆனால் அந்தச் சலுகை கனடா அரசு கனடாவுக்குள் கொடுத்தது. கட்டுநாயக்காவில் இறங்கியதும் அது முடிந்துவிடும். அதற்கு மேலே, வானலைக் கருவியை நாட்டுக்குள் கொண்டுவரவே ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். சுங்கத்தில் யாரும் கேட்கவில்லை என்பது அனுமதி ஆகாது.

எங்கள் பக்கத்தில் இது வெறும் பத்திர விஷயமும் இல்லை. போர்க்காலத்தில் ரோர்ச் பற்றரிக்கே தடை இருந்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட ஊர் இது. சீருடை இல்லாதவர் கையில் வோக்கியைக் கண்டால் சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு இன்றைக்கும் முதலில் வருவது சந்தேகம்தான். சரியோ பிழையோ, அதைக் கணக்கில் எடுத்துத்தான் நடக்க வேண்டும்.

பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். விளையாட்டுச் சாமான் என்று கதை கட்ட வேண்டாம். யார் கொண்டுவந்தது, எதற்காக, எங்கே பேசினீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். மச்சான் பறந்துவிட்டால் அவருடைய பயணச்சீட்டு, கடவுச்சீட்டுப் பிரதிகளை இப்போதே எடுப்பித்து வையுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தமிழும் அரசகரும மொழிதான். விளங்காத சிங்களத்தில் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தவர்கள் அநேகர். பொருள் நீதவான் நீதிமன்றுக்குப் போனால், அந்தத் துண்டுதான் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம்.

இனி எதை வாங்குவது? கடையில் மலிவாகக் கிடைக்கும் சீனக் கைச்செற்றை முதலில் மறந்துவிடுங்கள். அநேகமானவை 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரை எதிலும் பேசக்கூடியவை. கடலில் ஆபத்துக்குக் கூப்பிடும் 16ஆம் சனல், அதாவது 156.8, அதற்குள்தான் வருகிறது. பிள்ளை விளையாட்டாக அமத்தினாலும் பருத்தித்துறைப் படகுக்காரரின் காதில் போய் விழலாம். அதேபோல, மீன்பிடிப் படகுக்குக் கொடுத்த செற்றை இரவலாக வாங்கிக் காருக்குள் வைப்பதும் சரியல்ல, அது கடலுக்கானது.

சட்டப்படி ஒரு நல்ல வழி அமெச்சூர் வானொலி உரிமம், அதாவது பொழுதுபோக்காக வானலையில் பேசுபவர்களுக்குக் கொடுக்கும் உரிமம். ஆணைக்குழு நடத்தும் பரீட்சையில் சித்தியடைந்தால் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி தருவார்கள். பேசுவதற்கு 144 முதல் 146 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசைகள் கிடைக்கும், அலைநீளத்தை வைத்து இதை இரண்டு மீற்றர் பட்டை என்பார்கள். 2004 ஆழிப்பேரலையில் தொலைபேசி செத்துக்கிடந்தபோது அம்பாந்தோட்டைத் தொடர்பைத் திறந்தவர்கள் இந்த அமெச்சூர்காரர்தான். ஆனால் உரிமம் ஆளுக்குத்தான், வாகனத்துக்கு அல்ல. இரண்டு வாகனத்திலும் பேசுபவர் ஒவ்வொருவரும் பரீட்சை எழுத வேண்டும். வியாபாரத்துக்குப் பாவிக்கக் கூடாது, சங்கேதத்தில் பேசக் கூடாது. மனைவியும் மச்சானும் படிக்கத் தயாரா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். நீங்கள் சுற்றுலா வாகனத் தொழில் செய்பவராக இருந்தால் அலைவரிசை ஒதுக்கி வாங்கும் தனியார் உரிமம் வேறு இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு அந்தச் செலவு வீண்.

பெட்டியில் 35 மைல் என்று போட்டிருப்பதையும் நம்பாதீர்கள். தரைமட்டத்தில், இரும்புக் கூட்டுக்குள் இருந்து, காட்டுக்குள் பேசினால் இரண்டு மூன்று கிலோமீற்றர் போனால் பெரிய காரியம். உரிமம் எடுத்தால் கைச்செற்றை விடக் கூரையில் அரை மீற்றர் அன்ரெனாவோடு பூட்டும் செற் நல்லது. அதுவரை போன் போதும். போன் எடுபடாத இடத்தில், முன்னே போகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பின்னால் வருபவரைக் கண்டபிறகு நகரட்டும்.

வாகனத்துக்கு வருவோம். பதிவுச் சான்றிதழை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஆசன எண்ணிக்கை, ரயர் அளவு, உயரம், சுமையற்ற எடை எல்லாம் அதில் எழுதியிருக்கும். அதில் உள்ளதற்கும் வாகனத்துக்கும் பொருத்தமில்லை என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுத் திருத்த வேண்டும். லீசிங் கொம்பனி முழு உரிமையாளராகப் பதிவாகியிருப்பதால் அவர்களின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை. ஆசனத்தைக் கழற்றியதுதான் இதில் பெரிய விஷயம். கழற்றிய ஆசனங்களை விற்றுவிடாதீர்கள். தட்டைக் கழற்றி மாட்டும்படி செய்தால் பயணம் முடிந்து பழையபடி போட்டுக்கொள்ளலாம்.

ரயரில் இன்னொரு பொறி இருக்கிறது. 265/65 ஆர்17 இருந்த இடத்தில் 285/70 ஆர்17 போட்டால் சுற்றளவு ஏழு வீதம் கூடும். மீற்றர் 70 காட்டும்போது நீங்கள் உண்மையில் 75இல் போகிறீர்கள். 70 எல்லையுள்ள வீதியில் பொலிசாரின் கருவி உங்கள் மீற்றரைக் கேட்காது. கூரை விளக்கைப் பொது வீதியில் உறைபோட்டு மூடி வையுங்கள். எதிரே வருபவரின் கண் கூசி விபத்து நடந்தால் எந்த நீதவானும் உங்கள் பக்கம் நிற்க மாட்டார்.

காப்புறுதிக் கொம்பனிக்கு இதுவரை சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். இன்றைக்கே எழுதுங்கள், பதிவுத் தபாலில். என்னிடம் வந்த ஒருவர் உயர்த்திய வாகனம் வளைவில் பிரண்டபிறகுதான் படிவத்தை எடுத்துப் பார்த்தார். மாற்றங்கள் பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று அவரே எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்.

நேரில் வருவதானால் பொலிசார் தந்த துண்டு, பதிவுச் சான்றிதழ், லீசிங் ஒப்பந்தம், காப்புறுதிப் படிவம், கராஜ் பில் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். வோக்கி வந்த பெட்டி வீட்டில் கிடந்தால் அதையும் எறியாமல் எடுத்து வாருங்கள், அலைவரிசையும் வலுவும் அதன் பக்கத்தில்தான் அச்சடித்திருக்கும்.